ஒரு கசிவு, எட்டு பில்கள்: சிறு தொழில்களுக்கான பொறுப்புக் காப்பீடு

குழாய் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொந்தத் தொழில், கூட ஓர் உதவியாளர். சனிக்கிழமை மாலை ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காவது மாடியில் கழிவறைக் குழாயை மாற்றுகிறார். தண்ணீரைத் திறந்து பார்த்து, ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்புகிறார். ஞாயிறு இரவு அந்த இணைப்பு கழன்றுகொள்கிறது. திங்கள் காலை ஆள் வந்து பார்க்கும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அன்று மாலைக்குள் அவர் முன்னால் எட்டு பில்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, கழன்ற இணைப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இரண்டு, மூன்றாவது மாடியில் உள்ள வேறொரு நிறுவனத்தின் கூரைப் பலகைகளும் ஆறு கம்ப்யூட்டர்களும் நனைந்து வீணாகிவிட்டன. மூன்று, அதனால் அந்த நிறுவனம் நான்கு நாள் மூடிக் கிடக்கப் போகிறது, வருமானம் போகும். நான்கு, காலையில் வந்த காவலாளி ஈரத்தில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். ஐந்து, அவசர அவசரமாகச் சரி செய்யப் போன உதவியாளர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். ஆறு, அதே கட்டடத்தின் மோட்டார் ஒன்றைப் பழுது பார்க்கப் பட்டறைக்கு எடுத்து வந்திருந்தார். இந்தக் களேபரத்தில் அது கை தவறிக் கீழே விழுந்து உடைந்தது. ஏழு, திங்களுக்குள் வேலை முடியாவிட்டால் நாளொன்றுக்கு இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எட்டு, அங்கேயே விட்டு வந்த அவருடைய டிரில்லிங் மெஷின் தண்ணீரில் ஊறிப்போயிற்று.

அவரிடம் சாதாரணப் பொறுப்புக் காப்பீட்டு பாலிசி ஒன்று இருக்கிறது. அது இவற்றில் எத்தனைக்குப் பணம் தரும்? பெரும்பாலும் மூன்றுக்குத்தான். எந்த மூன்று, மற்ற ஐந்து ஏன் இல்லை என்பது புரிந்துவிட்டால், இந்தக் காப்பீட்டில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். காப்பீடு என்றதும் நம் மனதில் வருவது நம்முடைய ஏதோ ஒன்றுக்கான காப்பு: நம் உயிர், நம் கடை, நம் வண்டி. தீப்பிடித்தால் பணம் நம் கைக்கு வரும். லயபிலிட்டி இன்சூரன்ஸ் என்கிற பொறுப்புக் காப்பீட்டில் பணம் நம் கைக்கு வருவதே அபூர்வம். நம்மால் இன்னொருவருக்கு அடியோ நஷ்டமோ ஏற்பட்டு, அதற்கு நாம் ஈடு கொடுத்தாக வேண்டும் என்று சட்டப்படி ஆகும்போது, அந்தத் தொகையை நமக்குப் பதிலாக இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது. அந்த இன்னொருவருக்குக் காப்பீட்டு மொழியில் மூன்றாம் நபர் என்று பெயர். நீங்கள் ஒருவர், கம்பெனி ஒருவர், அவர் மூன்றாமவர். அவர் யாரென்று பாலிசி எடுக்கும் நாளில் உங்களுக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது.

அந்த மூன்றாம் நபர் உங்களோடு எந்த ஒப்பந்தமும் போட்டிருக்க வேண்டியதில்லை. மூன்றாவது மாடி நிறுவனம் குழாய்க்காரரை வேலைக்குக் கூப்பிடவே இல்லை, அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "உங்களுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாதே, நான் ஏன் தர வேண்டும்?" என்று அவர் கேட்டால், ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பலம் இருந்தது. அதை உடைத்த வழக்குகளில் மிகப் பிரபலமானது ஒரு நத்தையால் வந்தது. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண் ஜிஞ்சர் பீர் குடித்தார். வாங்கித் தந்தது உடன் வந்தவர், அவர் வாங்கவில்லை. புட்டி உள்ளே தெரியாத அளவுக்கு அடர்நிறக் கண்ணாடி. பாதி குடித்த பிறகு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்ததாகவும், அதனால் நோய்வாய்ப்பட்டதாகவும் சொல்லித் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட்டார். கடைக்காரரோடும் தயாரிப்பாளரோடும் அவருக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. 1932இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உன் செயலால் யாரெல்லாம் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்று நீ யோசித்திருக்க வேண்டுமோ, அவர்கள் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் உன் அண்டை அயலார்; அவர்கள் விஷயத்தில் கவனமாக இருப்பது உன் கடமை. தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவரான லார்ட் அட்கின் சொன்னதன் சாரம் இது. டோனஹூ எதிர் ஸ்டீவன்சன் என்ற இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் முதல் வருடத்திலேயே படிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், புட்டிக்குள் நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. சட்டக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு வழக்கு சமரசமாக முடிந்துவிட்டது.

கீழ்மாடிக்காரர்கள் குழாய்க்காரருக்கு அண்டை அயலார். வீட்டு விலாசப்படி இல்லை, சட்டப்படி.

"நான் கம்பெனி வைத்திருக்கிறேன், லிமிடெட் கம்பெனி. கடன் வந்தால் கம்பெனிக்குத்தானே, எனக்கு என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்பதை 1896இல் பிரிட்டனில் தீர்ப்பான சாலமன் வழக்கு நிலைநாட்டியது உண்மை. ஆனால் சிறு தொழிலில் இணைப்பை இறுக்கிய கை முதலாளியின் கைதான். கவனக்குறைவாக நடந்துகொண்ட ஆள் என்று அவர் மேல் தனியாகவும் வழக்குத் தொடுக்கப் பல நாட்டுச் சட்டங்களில் இடமுண்டு. கம்பெனி என்ற அமைப்பே இல்லாமல் தனி ஆளாகத் தொழில் செய்பவர் என்றால் பேச்சே இல்லை. தொழில் கடனும் அவர் கடன்தான், அவர் வீடும் சேமிப்பும் அதற்கு ஈடுதான்.

எந்த மூன்று பில்?

இரண்டு, மூன்று, நான்கு.

நனைந்த கூரையும் கம்ப்யூட்டர்களும் மூன்றாம் நபரின் சொத்துக்கு நேர்ந்த சேதம். காவலாளியின் கை மூன்றாம் நபரின் உடலுக்கு நேர்ந்த காயம். இவை இரண்டும்தான் பொதுப் பொறுப்பு பாலிசியின் அடித்தளம். பப்ளிக் லயபிலிட்டி என்றும் ஜெனரல் லயபிலிட்டி என்றும் நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது இதுதான். மூன்றாவது பில், நான்கு நாள் வருமானம், சற்று நுட்பமானது. அது வெறும் பண நஷ்டம். ஆனால் பொருள் சேதத்தைத் தொடர்ந்து வந்த பண நஷ்டம் என்பதால் பொதுவாக அதோடு சேர்த்தே ஏற்கப்படும். இந்தத் "தொடர்ந்து வந்த" என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது.

முதல் பில்லான இணைப்பு ஏன் இல்லை? தொழில் செய்பவர்கள் அதிகம் கோபப்படும் இடம் இது. "என் வேலையில் தப்பு வந்தால்தானே காப்பீடு? அந்த வேலைக்கே பணம் தர மாட்டேன் என்றால் எப்படி?" கம்பெனியின் பக்கம் நின்று யோசித்தால் காரணம் விளங்கும். ஒழுங்காக வேலை செய்து கொடுப்பது உங்கள் தொழில். அதற்குத்தான் வாடிக்கையாளர் கூலி கொடுத்தார். மோசமாகச் செய்துவிட்டு மறுபடி செய்யும் செலவையும் காப்பீட்டில் வாங்கலாம் என்றால், எல்லாருடைய அரைகுறை வேலையையும் பிரீமியம் கட்டுகிற மற்றவர்கள் தூக்கிச் சுமக்க வேண்டி வரும். ஆகவே கோடு இப்படிப் போடப்படுகிறது: குறையுள்ள வேலை உங்கள் செலவு, அந்தக் குறையால் வேறு எது கெட்டதோ அது பாலிசியின் செலவு. வண்ணம் அடிப்பவர் மட்டமாக அடித்த சுவரை மறுபடி அடிப்பது அவர் பாடு. அவர் கொட்டிய வண்ணத்தால் பாழான தரைவிரிப்பு பாலிசியின் பாடு. பொருள் தயாரித்து விற்பவர்களுக்கான ப்ராடக்ட் லயபிலிட்டியிலும் இதே கோடுதான். பழுதான சார்ஜரை மாற்றித் தருவதற்குப் பணம் வராது. அந்தச் சார்ஜர் எரிந்து மேசை கருகினால் வரும்.

ஆறாவது பில், பட்டறையில் உடைந்த மோட்டார். இதுவும் மூன்றாம் நபரின் சொத்துதானே என்று தோன்றும். ஆனால் உங்கள் பராமரிப்பிலும் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கும் பிறர் பொருளைச் சாதாரணப் பொறுப்பு பாலிசி பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. லேப்டாப் பழுது பார்ப்பவர், சலவைக்காரர், வண்டி மெக்கானிக், கிடங்கு நடத்துபவர், தையல்காரர், இவர்களுடைய தொழிலே பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பதுதான். என் பார்வையில் சிறு தொழில்களைக் கண்ணுக்குத் தெரியாமல் காலை வாரும் விலக்கு இதைவிட வேறில்லை. பாலிசி இருக்கிறது, பிரீமியம் ஒழுங்காகக் கட்டியாயிற்று, ஆனால் அன்றாடம் நடக்கக்கூடிய விபத்து எதுவோ அதற்கு மட்டும் காப்பு இல்லை. தனியாகக் கேட்டால் இதற்கென்று கூடுதல் பிரிவு சேர்த்துக் கொடுப்பார்கள். கேட்காதவருக்குத் தானாக வராது.

உதவியாளர் மூன்றாம் நபர் ஆக மாட்டார், அவர் உங்கள் ஆள். வேலையாட்களின் காயத்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. 1884இலேயே பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி தொழிலாளர் விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆள் வைத்து வேலை வாங்கும் தொழில்களுக்குப் பொதுவாக எம்ப்ளாயர்ஸ் லயபிலிட்டி பாலிசி கட்டாயம். இல்லாமல் நடத்தினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் விதிக்கலாம். சில நாடுகளில் அரசுத் திட்டம், சிலவற்றில் தனியார் பாலிசி. எதுவானாலும் ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்த நாளிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. "அவர் நிரந்தர ஆள் இல்லை, தினக்கூலிதான்" என்ற சமாதானம் பல சட்டங்களில் செல்லாது.

ஏழாவது, தாமத அபராதம். அதை நீங்களே வலிய ஒப்புக்கொண்டீர்கள். சட்டம் எல்லார் மீதும் சுமத்தும் பொறுப்பு வேறு, கையெழுத்துப் போட்டு ஒருவர் தன் மேல் ஏற்றிக்கொண்ட பொறுப்பு வேறு. பின்னதைப் பொதுவாகப் பாலிசி தொடாது. அரசு விதிக்கும் தண்டனை அபராதமும், வேண்டுமென்றே செய்த தீங்கும் இதே வரிசைதான். எட்டாவதான டிரில்லிங் மெஷின் உங்கள் சொந்தப் பொருள், அதற்கு வேறு பாலிசி.

உடையாமல் வரும் நஷ்டம்

இப்போது அந்தத் "தொடர்ந்து வந்த" என்ற சொல்லுக்கு வருவோம். ஒரு கணக்காளர் வரி தாக்கல் செய்யும் கடைசி நாளைத் தவறவிட்டுவிடுகிறார். வாடிக்கையாளருக்கு அபராதமும் வட்டியும் விழுகிறது. எதுவும் உடையவில்லை, யாருக்கும் காயமில்லை. கீழ்மாடி வருமானத்துக்கு நனைந்த கம்ப்யூட்டர் என்ற வேர் இருந்தது; இந்த நஷ்டத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே பொதுப் பொறுப்பு பாலிசி இதை ஏறெடுத்தும் பார்க்காது.

ஆலோசனை, வடிவமைப்பு, கணக்கு, மென்பொருள், மொழிபெயர்ப்பு என்று அறிவை விற்பவர்களின் தவறுகள் பெரும்பாலும் இந்த வகைதான். அவர்களுக்கு உள்ளது புரொஃபஷனல் இண்டெம்னிட்டி எனப்படும் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. மேசையும் நாற்காலியும் மட்டுமே உள்ள ஆலோசகருக்குப் பொதுப் பொறுப்பு பாலிசி மட்டும் விற்றுவிட்டுப் போகும் ஏஜென்ட் அவருக்கு நல்லது எதுவும் செய்துவிடவில்லை. அதேபோல, வாடிக்கையாளர் விவரங்கள் கம்ப்யூட்டரிலிருந்து களவு போனால் வரும் பொறுப்புக்கு சைபர் பாலிசி என்று தனியே ஒன்று இருக்கிறது. பழைய பொதுப் பாலிசிகள் அதை ஏற்குமா என்ற சண்டை பல நீதிமன்றங்களுக்குப் போன பிறகு, பல கம்பெனிகள் அதை வெளிப்படையாகவே விலக்கி எழுதத் தொடங்கிவிட்டன.

ஒன்பதாவது பில்

எட்டு என்று சொன்னேன். இன்னொன்று இருக்கிறது, அது திங்கட்கிழமை கண்ணில் படாது. சில வாரம் கழித்து கீழ்மாடி நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. இப்போது குழாய்க்காரர் ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும், இணைப்பு ஏன் கழன்றது என்று சொல்ல ஒரு பொறியாளரைப் பிடிக்க வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். தவறு அவருடையதே இல்லை என்றுகூட முடியலாம். வால்வு தயாரித்தவரின் பழுதாக இருக்கலாம். அதை நிரூபிக்கவும் செலவு ஆகுமே.

பல பொறுப்பு பாலிசிகளில் இந்தச் செலவும் அடக்கம். வழக்கைக் கம்பெனியே எடுத்து நடத்தும், வக்கீலையும் அதுவே அமர்த்தும். சின்னத் தொழிலுக்கு நஷ்டஈட்டுத் தொகையைவிட இதுதான் பெரிய உதவி என்பது என் கருத்து. ஜெயிக்கக்கூடிய வழக்கைக்கூட நடத்தக் காசில்லாமல் பணிந்துபோகும் நிலை அவருக்கு வராது. கம்பெனி கீழ்மாடிக்குப் பணம் கொடுத்து முடித்துவிட்டு, அப்புறம் வால்வு தயாரித்தவரிடம் அதைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். உங்கள் உரிமை அதன் கைக்கு மாறிவிடுகிறது. அதனால்தான் "பரவாயில்லை, உன் மேல் வழக்குப் போட மாட்டேன்" என்று அந்தத் தயாரிப்பாளருக்கு நீங்களாக எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

இதற்கு ஒரு விலை உண்டு. வழக்கை நடத்துபவர் கம்பெனி என்றால், சமரசம் செய்வதா வேண்டாமா என்ற முடிவிலும் அதன் கையே ஓங்கியிருக்கும். "என் மேல் தப்பில்லை, கடைசிவரை பார்த்துவிடலாம்" என்று நீங்கள் வீம்பாக இருக்கும்போது, அது சிறு தொகையைக் கொடுத்து முடித்துவிடலாம். தொழில்முறைப் பாலிசிகள் சிலவற்றில் உங்கள் சம்மதம் கேட்கும் நிபந்தனை இருக்கும். ஆனால் நீங்கள் மறுத்து, பிறகு தொகை கூடினால், அந்தக் கூடுதல் உங்கள் தலையில்.

இன்னொரு விஷயம், வக்கீல் செலவு காப்பீட்டு வரம்புக்கு உள்ளேயா வெளியேயா? வரம்பு, அதாவது கம்பெனி அதிகபட்சம் தரும் தொகை, 50 லட்சம் என்று வையுங்கள். வெளியே என்றால் வழக்குக்கு 15 லட்சம் ஆனாலும் நஷ்டஈட்டுக்கு முழு 50 லட்சமும் மீதி இருக்கும். உள்ளே என்றால் 35 லட்சம்தான் மிஞ்சும். வழக்கு இழுக்க இழுக்க உங்கள் காப்பு உருகிக்கொண்டே போகும். விலை பார்த்து இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். மலிவாக இருப்பதன் ரகசியம் அங்கே இருக்கலாம்.

வரம்பைப் பற்றிப் பேசும்போது மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, ஒரு வருடத்துக்கு மொத்தம் இவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கலாம். மார்ச் மாதமே மொத்த எண் தீர்ந்துபோனால் மீதி வருடம் வெறுங்கைதான். அடுத்து, ஒவ்வொரு கிளைமிலும் முதல் கொஞ்சத் தொகை உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அதற்கு டிடக்டிபிள் என்று பெயர். அதைக் கூட்டினால் பிரீமியம் குறையும். எவ்வளவு கூட்டலாம் என்பது, நாளைக்கே கேட்டால் எவ்வளவு பணத்தை யாரிடமும் கை நீட்டாமல் எடுத்து வைக்க முடியும் என்பதைப் பொறுத்தது.

தேதிதான் சிக்கல்

தீ விபத்தில் தேதிச் சண்டை வராது. எரிந்தது இன்று, கிளைம் இன்று. பொறுப்புக் காப்பீட்டில் மூன்று தேதிகள் தள்ளித் தள்ளி வரும்: தவறு நடந்த நாள், சேதம் நேர்ந்த நாள், பணம் கேட்டு நோட்டீஸ் வந்த நாள். நம் குழாய்க்காரருக்கு முதல் இரண்டும் சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்து வந்துவிட்டன. கட்டட வடிவமைப்பாளருக்கு இவற்றின் இடையே பத்து வருடம்கூட இருக்கலாம். அந்தப் பத்து வருடத்தில் அவர் மூன்று கம்பெனிகள் மாறியிருப்பார். எந்தக் கம்பெனி தர வேண்டும்?

இதற்கு இரண்டு விதமான பாலிசிகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. அக்கரன்ஸ் என்ற நிகழ்வு அடிப்படைப் பாலிசியில், சேதம் நேர்ந்த நாளில் எந்தப் பாலிசி உயிரோடு இருந்ததோ அது தரும். நோட்டீஸ் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் சரி. கிளைம்ஸ் மேட் என்ற கோரிக்கை அடிப்படைப் பாலிசியில், கோரிக்கை வந்த நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் தரும். பொதுப் பொறுப்பு பாலிசிகளில் முதல் வகை அதிகம், தொழில்முறைப் பொறுப்பில் இரண்டாவது.

இரண்டாவது வகை ஏன் பரவியது என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் ஒரு முக்கியக் காரணம். அந்தத் தூசியைச் சுவாசித்தவருக்கு மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளித்தெரியப் பெரும்பாலும் 20 முதல் 50 வருடம் ஆகும். 1940களிலும் 50களிலும் எழுதப்பட்ட பாலிசிகள் மேல் 1980களில் கோரிக்கைகள் வந்து குவிந்தன. அன்றைக்கு வாங்கிய சொற்பப் பிரீமியத்துக்கு இன்றைய நீதிமன்றத் தொகை. லண்டனின் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையே ஆட்டம் கண்டது; அதில் தனிப்பட்ட முறையில் பணம் போட்டிருந்த பலர் திவாலானார்கள். பழைய பொறுப்புகளைப் பிரித்து வைக்க 1996இல் ஈக்விட்டாஸ் என்ற தனி நிறுவனத்தையே அமைக்க வேண்டி வந்தது. முடிவே தெரியாத வாலைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது என்று கம்பெனிகள் உணர்ந்த காலம் அது.

உங்களுக்கு இதில் என்ன? கிளைம்ஸ் மேட் பாலிசியில் ரெட்ரோஆக்டிவ் டேட் என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும். அதற்கு முன்னால் செய்த வேலைக்குக் காப்பு இல்லை. கம்பெனி மாறும்போது புதிய கம்பெனி இன்றைய தேதியை அங்கே போட்டுக் கொடுத்தால், நீங்கள் இதுவரை செய்த அத்தனை வேலையும் ஒரே நாளில் காப்பில்லாமல் நிற்கும். பிரீமியம் கொஞ்சம் குறைகிறதே என்று மாறுகிறவர்கள் விழும் குழி இதுதான். பழைய தேதியையே தொடர்ந்து போடச் சொல்லுங்கள். புதுப்பிக்க மறந்து ஒரு மாதம் இடைவெளி விட்டாலும் இதே ஆபத்து உண்டு.

விபத்து நடந்த அன்று

காவலாளி கீழே விழுந்து கிடக்கிறார். என்ன சொல்வது? "தப்பு என் மேல்தான், எல்லாச் செலவையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் பாலிசியின் நிபந்தனையை மீறியதாகிவிடலாம். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று அநேகமாக எல்லாப் பாலிசியிலும் எழுதியிருக்கும். இதைப் படித்துவிட்டு, அடிபட்டவரைத் தூக்கக்கூடப் பயந்து ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. அது வேண்டாத பயம். மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் "இப்படி ஆகிவிட்டதே, வருத்தமாக இருக்கிறது" என்று சொல்வதும் பொறுப்பை ஒப்புக்கொள்வது ஆகாது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டதையோ சிகிச்சைக்கு முன்வந்ததையோ மட்டும் வைத்துத் தவறை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. கனடாவின் பல மாகாணங்களிலும் இப்படிச் சட்டம் உண்டு. யார் காரணம், யார் எவ்வளவு தருவது என்ற பேச்சை மட்டும் தள்ளி வையுங்கள், போதும்.

அப்புறம் போட்டோ எடுங்கள். கழன்ற இணைப்பைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. கம்பெனிக்கு உடனே எழுத்தில் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்தால் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். கோரிக்கை வரக்கூடும் என்று தெரிந்த சம்பவத்தையே தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. சின்ன விஷயம், நாமே பேசி முடித்துவிடலாம், சொன்னால் அடுத்த வருடப் பிரீமியம் ஏறும் என்று மறைத்து, அது ஆறு மாதம் கழித்துப் பெரிதாகி வரும்போது "ஏன் முன்பே சொல்லவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

வாங்கும்போது

எந்தத் தொழில் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். அவசரத்தில் நிரப்பும் அந்த வரியில்தான் பாதி பாலிசி இருக்கிறது. "குழாய் பொருத்துதல்" என்று எழுதிவிட்டு, நெருப்பு வைத்து ஒட்டும் வேலையோ உயரத்தில் ஏறும் வேலையோ செய்து, அதில் விபத்து வந்தால் கம்பெனி அந்த ஒரு வரியைத்தான் எடுத்து நீட்டும். காப்பீடு முழு நேர்மையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்று 1766இலேயே இங்கிலாந்து நீதிபதி லார்ட் மான்ஸ்ஃபீல்ட் ஒரு வழக்கில் சொன்னார். ஆபத்தைப் பற்றிய விவரம் வாங்குபவருக்குத்தான் தெரியும், விற்பவர் அதை நம்பியே விலை போடுகிறார் என்பது அவர் வாதம். மறைத்ததற்கு என்ன தண்டனை என்பதில் சில நாடுகள் பிற்பாடு இரக்கம் காட்டியிருக்கின்றன. சொல்ல வேண்டும் என்ற கடமை மட்டும் இன்னும் வாங்குபவர் மேல்தான். நடுவில் புது வேலை ஏதாவது தொடங்கினாலும் சொல்லிவிட வேண்டும்.

பிரீமியம் பெரும்பாலும் உங்கள் விற்றுமுதலையோ சம்பளச் செலவையோ அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படும். தொடக்கத்தில் கொடுப்பது மதிப்பீடு. பல பாலிசிகளில் வருடக் கடைசியில் உண்மைக் கணக்கைப் பார்த்துக் கூடுதலாகக் கேட்பார்கள், அல்லது கொஞ்சம் திருப்பித் தருவார்கள். தொழில் நன்றாக ஓடிய வருடத்தில் வரும் கூடுதல் பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பெரிய வாடிக்கையாளர்கள் வேலை தரும் முன் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பதுண்டு. சிலர் தங்களையும் பாலிசியில் சேர்க்கச் சொல்வார்கள். அந்த ஒப்பந்தத்தில் "எல்லா இழப்புக்கும் ஒப்பந்ததாரரே பொறுப்பு" என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துக்கு முன் அதைப் புரோக்கரிடம் காட்டுங்கள். ஏழாவது பில் பிறந்தது அப்படிப்பட்ட ஒரு பக்கத்தில்தான்.

தொழிலை மூடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கடையை மூடியதும் பாலிசியையும் நிறுத்திவிடத் தோன்றும். நிகழ்வு அடிப்படைப் பாலிசி என்றால், மூடும் முன் நேர்ந்த சேதங்களுக்குப் பழைய பாலிசி பதில் சொல்லும். ஆனால் முன்பு போட்ட இணைப்பு மூடிய பிறகு கழன்றால் சேதம் நேர்ந்த நாளில் பாலிசி இருக்காது. கோரிக்கை அடிப்படை என்றால் நிலைமை இன்னும் மோசம், நிறுத்திய மறுநாள் வரும் எந்த நோட்டீசுக்கும் காப்பில்லை. இதற்காக ரன் ஆஃப் என்று சில வருடத்துக்கான நீட்டிப்பை விற்கிறார்கள், ஓய்வு பெறும் கணக்காளர்களும் வடிவமைப்பாளர்களும் வாங்குவது அதைத்தான்.

பழைய பாலிசித் தாள்களையும் எறிந்துவிடாதீர்கள். பிரிட்டனில் ஒரு காலத்தில் வேலையாள் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழை 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றே விதி இருந்தது. 2008இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மூடிப்போன பட்டறைகளில் எப்போதோ தூசி சுவாசித்தவர்களுக்காக, அந்தப் பட்டறை எந்தக் கம்பெனியில் பாலிசி எடுத்திருந்தது என்று தேடிக் கொடுப்பதற்கென்றே அங்கே ஓர் அலுவலகம் இன்றும் இயங்குகிறது.